வழக்கம்போல்

கணினி குலுக்கிப் போட்டதில்
எங்கள் பள்ளிக்கு விழுந்தது: ஒன்றுமில்லை.

மேரிபோர்ட்டில் கடலை ஒட்டிய கடைசித் தெரு நாங்கள்.
காற்று கதவைத் தட்டாமல் உள்ளே வரும்.
ஆறு மைல் தள்ளி இன்னொரு பள்ளி.
அதே மழை, அதே ஈரச் சாக்ஸ்,
இலவச மதிய உணவுக்கு அதே நீள வரிசை.
அதற்கு விழுந்தது
நாளுக்கு இருபது நிமிடம், பிள்ளைக்கு ஓர் ஆள்,
நீலப் பெட்டி நிறையப் புத்தகம்.

ஆய்வாளர் ரோவெனா நல்ல பெண்.
மழைக்கோட்டைக் கழற்றாமலே விளக்கினாள்:
நீங்கள் ஒப்பீட்டுக் குழு.
நீங்கள் இல்லையென்றால் அவர்கள் முன்னேறியதை
எதை வைத்து அளப்பது?
ஒன்றும் செய்ய வேண்டாம்.
எல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும்.

வழக்கம் என்ன என்று படிவம் கேட்டது.
நான்கு வரி இடம்.
துணை ஆசிரியை மெர்லின் வேலை ஈஸ்டரோடு போனது,
நூலகத்தில் இப்போது நான்காம் வகுப்பு,
ஏனென்றால் நான்காம் வகுப்பின் கூரை
என்று எழுதும்போதே
இடம் தீர்ந்துவிட்டது.

பங்கேற்புக்கு நன்றி, ஐந்நூறு பவுண்டு.
கொதிகலன் விழுங்கிக்கொண்டது.

லைல் டைசனுக்கு எட்டு வயது.
புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்க மாட்டான்,
அந்த அளவுக்குக் கெட்டிக்காரன்.
பக்கத்துப் பிள்ளை தாள் திருப்பும் சத்தம் கேட்டுத்
தானும் திருப்புவான்.
மூன்று வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.
அதில் ஒரு வருடம் என்னுடையது.

அக்டோபரில் ஒரு மதியம். வெளியே போக முடியாத மழை.
கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே
சொட்டும் சட்டைக் கைகளுக்கு நடுவில்
அவனோடு உட்கார்ந்தேன்.
இது என் சாண்ட்விச் நேரம்,
எந்த ஆய்வுக்கும் சொந்தமில்லை
என்று சொல்லிக்கொண்டேன்.

'கத்தி'யில் நின்றுவிட்டான்.
எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு முன்னால்
ஓர் ஊமை எழுத்து நிற்கும்.
"இது எதுக்கு மிஸ்? சத்தமே போடலையே?"
தெரியாது லைல். எடுத்துவிட்டால் தப்பு, அவ்வளவுதான்.
"பாவம்" என்றான்
அந்த எழுத்தைப் பார்த்து.

மறுநாளும் உட்கார்ந்தோம்.
பிப்ரவரியில் கொக்கிகளுக்குக் கீழே ஒன்பது பேர்.
சமையலறை டோட்டி
சூப்புக் கரண்டியைக் கழுத்தில் செருகிக்கொண்டு
இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஜூலையில் தேர்வு. கூடவே கடைசிப் படிவம்.
வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தீர்களா?
அப்போது எங்களுக்கு அதுதான் வழக்கம்.
'இல்லை' என்ற கட்டத்தில்
கை நடுங்காமல் டிக் போட்டேன்.

அடுத்த வசந்தத்தில் அறிக்கை வந்தது, எண்பத்தாறு பக்கம்.
இரு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் சொற்பம்.
நிதியைத் தொடர ஆதாரம் போதாது.
ஆறு மைல் தள்ளி
வேன் ஒன்று வந்து நீலப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனதாம்.

ஒன்பது பிள்ளைகள் நாட்டுச் சராசரியை அசைக்க முடியாது
என்கிறார் எங்கள் கணக்கு ஆசிரியர் கெர்வின்.
சரிதான்.
ஆனால் ஒப்பீட்டுக் குழுவில் அறுபது பள்ளிகள்.
அறுபதிலும் மழை பெய்திருக்கும்.
அறுபதிலும் கோட்டு மாட்டக் கொக்கிகள் இருக்கும்.

ரோவெனாவுக்கு மூன்று முறை மின்னஞ்சல் எழுதினேன்.
மூன்றும் வரைவில் கிடக்கின்றன.

லைல் இப்போது
தீயணைப்புக் குழாய் மேல் உள்ள எச்சரிக்கையைக்கூட
நிறுத்தி வாசித்துவிட்டுத்தான் நகர்கிறான்.
வகுப்புக்குத் தாமதம். நான் அதட்டுவதில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு பையன் இருப்பான்.
பாதிப் புத்தகத்தில் பெட்டி போயிருக்கும்.
கத்திக்கு முன்னால்,
அந்த ஊமை எழுத்துக்குப் பக்கத்தில்,
நின்றுகொண்டிருப்பான்.